சாரல்-4 திரும்பவில்லை

8-7-86, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியலை. நோட்டு என்னுடையது, படிக்கப்போவதும் நான்தான். இருந்தாலும் நேரம் தப்பி எதைச் செய்தாலும் மன்னிப்புக் கேட்டே பழகிவிட்டது.

விடாத சாரல். துணி எதுவும் காயலை. குழலியின் பாவாடை அடுப்புக்கு மேலே கொடியில், புகை வாசனையோடு. அவளுக்கு இருமல். ரெண்டு தடவை எழுந்துபோய் மூக்குப் பக்கம் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது.

மத்தியானம் என் மாமனார் கண் அசந்ததும் நிலையத்தைத் திறந்தேன். அப்படித்தான் சொல்லிக்கொள்வது. டி.வி.யில் வயரை மாட்டி கம்ப்யூட்டரைப் போடுவது, அவ்வளவுதான். போன லீவில் குழலி அப்பா சார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. "பிள்ளை படிக்கட்டும்." பிள்ளைக்கு நாலு வயசு. கூட வந்த புத்தகத்தில் ஒரு விண்வெளி விளையாட்டு. வரி வரியாகப் பார்த்து நான் தட்டி ஏற்றினேன், பெயர்களை மட்டும் மாற்றி. பி.எஸ்ஸி. கணக்கு படித்ததற்குத் தென்காசியில் எனக்குக் கிடைத்த உத்தியோகம்.

குற்றாலம் விண்வெளி நிலையம், இன்றைய நிலவரம்:
ஏவுதளம் - ஐந்தருவி.
சாரல்-1 - மேலே போகுமுன் வெடித்தது.
சாரல்-2 - கடலில்.
சாரல்-3 - சந்திரனில் இறங்கியது. கிளம்பலை.
சாரல்-4 - செண்பகம், இசக்கி, ரெண்டு பேர். சந்திரனைச் சுற்றிக்கொண்டு. எரிபொருள் திரும்பி வர மட்டும். இறங்க ஆசைப்பட்டால் அங்கேயேதான்.
தலைவர் - நான்.

அனுப்பத் தெரிகிறது எனக்கு. இதுவரை ஒரு ஆளையும் திரும்பக் கொண்டுவந்ததில்லை.

ராத்திரி வழக்கம்போல் அவங்க கேசட். பங்குனியில் ஊர்க்காரர் ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டது. ஆரம்பத்திலேயே குழலிக்குப் பேச்சு. "ஏட்டி குட்டி, சாப்பிட்டியா?" சொல்லிவிட்டு நிறுத்துவாங்க. இவள் படுத்தபடியே "சாப்பிட்டேன்" என்பாள். "என்ன சாப்பிட்ட?" மறுபடி நிறுத்தம். "தோசை." சோறு தின்றிருந்தாலும் தோசைதான். "சரி, கண்ணை மூடு. அப்பா இங்கனதான் இருக்கேன்." மூடிவிடுவாள். திரும்ப முதலிலிருந்து போடச் சொல்லுவாள், தூக்கத்தோடு. சுற்றி வைப்பேன்.

பிறகு எனக்குப் பேச்சு. "கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் கேக்காங்க. ஆடி முடியுததுக்குள்ள சொல்லணும். இருக்கவா, வரவா? நீ சொல்லு கோமதி. நீ சொல்லுததுதான்."

வழக்கமாக அதே கேசட்டில், அவங்க பேச்சு மேலேயே பேசி, வருகிற போகிற ஆளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இந்தத் தடவை அனுப்பலை. குழலி விடமாட்டேன் என்கிறாள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி நிஜம்.

10-7, வியாழன்

பால் திரிந்துவிட்டது. கரண்ட் நாலைந்து தடவை போய் வந்தது.

பக்கத்து வீட்டு பார்வதி அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் குற்றாலத்தில் சீசன் எண்ணெய்க் கடை. அருவியில் தண்ணி கொட்டுது, ஆளும் கொட்டுதாம். நான் டி.வி. முன்னால் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி கோமதி, படம் ஓடலியே, வெறும் நம்பரால்லா ஓடுது."

"ராக்கெட்க்கா. சந்திரனைச் சுத்துது."

"யாரு இருக்கா அதுல?"

"செண்பகம், இசக்கி."

"பாவம், அவளுவ வீட்ல யாரு சோறாக்குதா?" கொஞ்ச நேரம் நம்பரையே பார்த்தாள். "இறக்கி விட்டுருட்டி. எம்புட்டு நேரம் சுத்துவாளுவ."

போகும்போது வாசலில் நின்று: வடகரை ஷாகுல் அண்ணன் லீவு முடிந்து புதன்கிழமை சார்ஜா கிளம்புகிறாராம். ஏதாவது கொடுத்துவிட இருந்தால் அதற்குள் கொடுக்கணும்.

மாமா ஈசிசேரில் பேப்பர் மறைவில். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"என்ன சொல்லப்போற அவனுக்கு?"

"நீங்க என்ன நினைக்கீங்க மாமா?"

"நான் என்னத்த நினைக்க. உன் இஷ்டம்."

அவங்களும் உன் இஷ்டம். மாமாவும் உன் இஷ்டம். வாங்க என்று சொல்லி, வந்து, இங்கே ஒன்றும் சரியாக அமையாமல் போனால் ஆயுசுக்கும் நான்தான் சொன்னேன் என்றிருக்கும். இருங்க என்று சொன்னால் இவள் ஆறு வயசு வரை டேப் ரெக்கார்டரைத்தான் அப்பா என்பாள். போன லீவில் அவங்க தூக்கப் போனபோது என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். அவங்க சிரித்தாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

12-7, சனி

எழுதக் கை வரலை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மூணு மணி போல. சாரல்-4 திரும்பும் கணக்கு முடிந்தது. எஞ்சினை எப்போது, எவ்வளவு நேரம் எரிக்கணும், எல்லாம் தாளில் போட்டுச் சரி. முதல் தடவையாக ரெண்டு பேர் வீடு வந்துசேரும் கணக்கு. எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அப்போது காற்று. விளக்கு மங்கி மங்கி எரிந்தது, ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரில் இருப்பது எல்லாம் போய்விடும். அதற்கு முன்னால் கேசட்டில் பதிந்துவிடணும். வயரை டேப் ரெக்கார்டரில் மாட்டினேன், ரெக்கார்டை அமுக்கினேன். டி.வி.யில் கோடு கோடாக ஓடியது. பதிந்து முடிந்தது, கரண்ட் போனது. தப்பித்தேன் என்று நினைத்தேன். நிஜமாகவே பெருமூச்சு விட்டேன்.

உள்ளே எந்தக் கேசட் என்று பார்க்கலை.

ராத்திரி கரண்ட் வந்ததும் குழலியைப் படுக்க வைத்துக் கேசட்டைப் போட்டேன். கீ என்று ஒரு சத்தம். காதைக் கிழிக்கிற மாதிரி, நிற்காமல். நேற்று ராத்திரி அவளுக்காக முதலுக்குச் சுற்றி வைத்தது அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. "ஏட்டி குட்டி" இருந்த இடம், "தோசை" சொல்ல விட்ட இடம், எல்லாவற்றின் மேலும் என் ராக்கெட்.

குழலி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா ஏன் இப்படி கத்துதாவ?"

அணைக்கணும் என்றுகூடத் தோணலை எனக்கு. கத்தல் நின்றது. உடனே அவங்க குரல், பாதியிலிருந்து: "...வருஷத்துக்கு எழுதிக் கேக்காங்க. ஆடி முடியுததுக்குள்ள சொல்லணும். இருக்கவா, வரவா?"

அது மட்டும் அழியலை.

13-7, ஞாயிறு

குழலி தூங்கவே இல்லை. விடியக்காலம் என் மடியில் அசந்தாள். கொஞ்சம் காய்ச்சல் மாதிரி. கஷாயம் கொடுத்தேன், துப்பிவிட்டாள்.

அப்பா மாதிரி நானே சொல்லிப் பார்த்தேன். "ஏட்டி குட்டி, சாப்பிட்டியா?"

"நீ சொல்லாத. அப்படி இல்ல."

"எப்படி சொல்லுவா அப்பா?"

வாயைத் திறந்தாள். சொல்ல வரலை. அழுதாள்.

எனக்கும் வரலை. "சாப்பிட்டியா"வில் எங்கே இழுப்பாங்க, எங்கே நிறுத்துவாங்க. பங்குனியிலிருந்து தினம் கேட்டது. கண்ணை மூடி யோசித்தால் கீ என்ற சத்தம்தான் வருகிறது. பயமாக இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருஷம், சேர்ந்து இருந்தது எத்தனை மாசம் என்று கூட்டிப் பார்க்கப் போய் நிறுத்திக்கொண்டேன்.

காலையில் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். செண்பகமும் இசக்கியுமாவது மிஞ்சட்டும் என்று. டேப் லோடிங் எரர். சத்தத்தைக் கூட்டி. எரர். குறைத்து. எரர். பதியும்போதே கரண்ட் ஆடியிருக்கணும். பதிந்தது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டளை உண்டு, புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குள்தான் கரண்ட் போய்விட்டதே.

ஆக, அவங்க குரலும் இல்லை, இவர்களும் இல்லை.

வேண்டுமானால் விளையாட்டுக்கென்று வைத்திருக்கும் வேறு கேசட்டின் பழைய பதிவிலிருந்து திரும்பத் தட்டி ஏற்றலாம். எல்லா நம்பரும் தாளில் இருக்கிறது. அதே உயரம், அதே வேகம், அதே பெயர். அவர்களாக இருக்காது.

சாயங்காலம் பார்வதி அக்கா பிள்ளைகளோடு டி.வி. பார்க்க வந்தாள். திருவனந்தபுரம் ஸ்டேஷனில் மலையாளப் படம், பாதி புரியாமல் எல்லாரும் பார்த்தார்கள்.

"உன் ஆளுவ இறங்கியாச்சாட்டி?"

"இல்லக்கா."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

15-7, செவ்வாய்

மழை கொஞ்சம் வெறிச்சிருந்தது. துணி உலர்த்தினேன். திரும்ப நனைந்தது.

மாமாவுக்குக் காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்காமல் கேட்டார்.

"ரெண்டு மூணு ராத்திரியா அவன் சத்தம் கேக்கலியே."

"அழிஞ்சு போச்சு மாமா. நான்தான், தெரியாம..."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "நானும் சுவத்துக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடுவேன்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல்: "அவன் வந்தாம்னா, நல்ல வேலையை விட்டுட்டு வந்து நிக்கியேலேன்னு நான் ஏசத்தான் செய்வேன். அதுக்காக நீ சொல்லாம இருக்காத."

காபி ஆறிவிட்டது. வேறு போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் குழலியைப் பக்கத்தில் உட்கார வைத்து ரெக்கார்டை அமுக்கினேன். அதே கேசட், முதலிலிருந்து. கீ சத்தத்தின் மேல், அவங்க கேள்வியின் மேல்.

குழலியிடம் அப்பாகிட்ட ஏதாவது பேசு என்றேன். மைக்குக்குக் கிட்ட போய் "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள். நிறுத்தினாள். மெஷினையே பார்த்தபடி, மூச்சுகூட விடாமல் காத்திருந்தாள். ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் பதிந்திருக்கும். "என்ன சாப்பிட்டீங்க?" மறுபடி காத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுக்கலை.

அவளை மாமாவிடம் அனுப்பிவிட்டு நான் பேசினேன். நாலு தடவை ஆரம்பித்து அழித்தேன். குரல் யாரோ மாதிரி. அஞ்சாவது தடவை அழிக்கலை.

முழுவதும் ஓடவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். விழுந்திருக்கிறது. உறையில் போட்டு ஒட்டியாச்சு. காலையில் முதல் பஸ்ஸில் வடகரை, ஷாகுல் அண்ணன் கையில். அவர் போய்ச் சேர்ந்து, அவங்களைத் தேடிக் கொடுத்து. அதற்குள் கையெழுத்துப் போட்டிருப்பாங்களோ. இத்தனை நாள் என்னிடமிருந்து ஒன்றும் வராததையே பதில் என்று எடுத்திருப்பாங்களோ. தெரியலை.

என்ன பேசினேன் என்று மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். இவ்வளவுதான்:

"வந்திருங்க. இங்க என்ன ஆனாலும் பாத்துக்கிடலாம். பங்குனி கேசட்ல குழலிக்குப் பேசினது என்னால அழிஞ்சு போச்சு, அவ தூங்க மாட்டேங்கா. முதல்ல அவளுக்குப் பேசுங்க, முன்ன மாதிரி நடுவுல நிறுத்தி நிறுத்தி. எப்ப வருதீங்கன்னு எனக்குச் சொல்லுங்க. ஆளு கிடைக்கலைன்னா தபால்லயாவது போடுங்க. சீக்கிரம் பதில் அனுப்புங்க."