நானே படித்துப் போட்ட கையெழுத்து

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். சவரக்கத்தி பிடித்து நாற்பது வருஷம் நடுங்காத கை, பேனா பிடித்தால் நடுங்குகிறது. இந்த நாலு வரிக்கே காலைப் பொழுது ஓடிவிட்டது. ஆனாலும் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் முதல் பெஞ்சு எனக்குத்தான்!

உன் மகள் வாயாடி நலம். பதினைந்து முடிந்து, உன் உயரத்துக்கு வந்துவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து ஒரு தாளோடு நேரே கடைக்கு வந்தாள். வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டுமாம். நாற்காலியில், முன்பெல்லாம் எனக்குத் தாள் படித்துச் சொல்வாரே, அந்த மூக்குக்கண்ணாடிக்காரர், முகமெல்லாம் சோப்பு. “கொடுப்பா, நான் படிச்சுச் சொல்றேன்” என்று கையை நீட்டினார். “வேண்டாம் சார், அன்னைக்கு நீங்க படிச்சதே போதும்” என்றேன். மனிதர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

உனக்கு நினைவிருக்கும். உன் பதினைந்தாம் வயதில் நீ கொண்டுவந்ததும் இதே தாள்தான். பொண்ணுக்குக் கண்டதையும் சொல்லித்தரப் போகிறார்கள் என்று இவர்தான் படித்துச் சொன்னார். நான் கைநாட்டு வைக்காமல் திருப்பி அனுப்பினேன். வகுப்பு நடந்த மூன்று நாளும் நீ மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய். அடுத்த வருஷம் வாயாடி பிறந்தாள். உன் படிப்பு நின்றது.

இந்த முறை எழுத்துக் கூட்டி முழுவதும் நானே படித்தேன். உடம்பு எப்படி வளர்கிறது, பிள்ளை எப்படி உண்டாகிறது, சின்ன வயதில் உண்டாகாமல் எப்படிக் காத்துக்கொள்வது, பிடிக்காததை எப்படி மறுப்பது, சுகாதார நிலைய நர்ஸிடம் தயங்காமல் என்னென்ன கேட்கலாம். அவ்வளவுதானம்மா. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? “தாத்தா, அவர் மூஞ்சில சோப்பு காயுது” என்று வாயாடி சிரித்தாள். காயட்டும் என்று சொல்லி, என் பெயரை முழுதாக எழுதினேன். கண்ணாடிக்காரர் போகும்போது, பேரனுக்கும் இந்தத் தாள் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று முணுமுணுத்தார்.

இப்போது வாயாடி தினமும் எனக்குப் பாடம் நடத்துகிறாள். வகுப்பில் பையன்கள்தான் அதிகம் வெட்கப்பட்டார்களாம். “இது தெரியுமா தாத்தா?” என்கிறாள். பாதி எனக்குத் தெரியவில்லை!

அவள் பிறந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வராந்தாதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ வேலை செய்கிற தொழிற்சாலைக்குப் பக்கத்திலும் மாலை வகுப்பு இருக்கிறதாம், என் டீச்சர் விசாரித்துச் சொன்னார். விட்ட இடத்திலிருந்தே படிக்கலாமாம். போய்ச் சேர்ந்துவிடம்மா. அதற்கு அப்பா கையெழுத்து வேண்டாமாம், உன்னுடையதே போதுமாம்.

நீ நன்றாக இருப்பாய். வருகிற வாரம் கடை லீவன்று மறுபடி எழுதுகிறேன், இதைவிட நேராக.

உன் அப்பா