பக்கச்சுவரில் ஒரு கிழிசல்

ஜூன் 3

அன்புள்ள மெக்கானிக் அவர்களுக்கு,

கால் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அக்கா வீட்டு மாடியில் நடந்து பழகுகிறேன்.

எப்போது வருவாய் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள். மலைச் சைக்கிள் பந்தயத்தன்று என் முன்சக்கரத்தில் காற்றை ஏன் அவ்வளவு குறைத்தீர்கள்? பாறையில் இறங்கியதும் டயர் வெடித்து நான் குப்புற விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று நம் சைக்கிள் குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். இதைப் பற்றி நீங்கள் வாயே திறக்காமல் இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் மனைவி


ஜூன் 9

என் கோபக்காரிக்கு,

கால் தேறியதில் பெரிய நிம்மதி.

எல்லோரும் சொல்கிறார்களாம்! அவர்களில் ஒருவராவது டயரைக் கழற்றிப் பார்த்தார்களா? நான் பார்த்தேன். காற்று குறைந்திருந்தால் பாறை டயரை ரிம்மோடு சேர்த்து நசுக்கும். எதிரெதிராக இரண்டு வெட்டு விழும், ரிம்மும் நெளியும். இதில் பக்கச்சுவரில் ஒரே கிழிசல், வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது. ரிம்மில் ஒரு கீறல்கூட இல்லை. கூரான கல்லின் வேலை. தரையில் உருளும் பாகம்தான் தடிமன், பக்கச்சுவர் மெல்லியது. காற்று எவ்வளவு வைத்திருந்தாலும் கிழிந்திருக்கும்.

டயரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீயே பார். பார்த்துவிட்டு வீட்டுக்கு வாம்மா. நீ இல்லாமல் பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 17

அன்புள்ள உங்களுக்கு,

டயர் வந்தது. "பொண்டாட்டிக்கு யாராவது கிழிஞ்ச டயரை அனுப்புவாங்களாடி?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரே கிழிசல்தான். உங்கள்மேல் தப்பில்லை. குழுவில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் வரப்போவதில்லை.

விழுந்ததும் முதலில் ஓடிவந்தது நீங்கள்தான். எனக்கு நினைவு இருந்தது, பேச்சுதான் வரவில்லை. பக்கத்தில் மண்டியிட்டீர்கள். கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தீர்கள். ரிம்மைச் சுற்றித் தடவினீர்கள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள்.

தப்பு செய்துவிட்டோமே என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தீர்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மன்னித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தப் பயத்தின் சுவடே இல்லை; நான் விழுந்து கிடந்தபோதும் உங்களுக்கு டயர்தான் முதலில்.

என் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.