உள்ளங்கையில் நின்ற சங்கிலி

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் என் மனசு ஆறும்.

போன வாரம் முழுக்க உன் அண்ணன் என்னோடு பேசவில்லை, அந்தக் கதையைக் கேள். எங்கள் சங்கிலிப் பட்டறையில் அவனைச் சூளைக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள், இந்த மாதம் வேலை சுத்தமாக இருந்தால்தான் நிரந்தரம். மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன், நீ சலித்துக்கொள்ளாதே: மெஷின் கம்பியை வளைத்து, வெட்டி, வளையத்துக்குள் வளையமாகக் கோத்துத் தள்ளிவிடும், ஆனால் ஒவ்வொரு வளையத்தின் வாயும் திறந்தே இருக்கும். உருகி ஒட்டவைக்கும் பற்றாசுப் பொடியை அந்த வாயில் ஏற்றி, டால்க் பவுடரில் புரட்டிச் சூளைக்குள் விட்டால் வாய் மட்டும் ஒட்டும், பவுடர் இருப்பதால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அன்றைக்கு டால்க் டின் காலி. ஸ்டோர்காரரிடம் பேச்சு வாங்கப் பயந்து, அவனுக்கு உதவிக்கு நிற்கும் துரை தன் வீட்டுக்கு ஓடிக் குழந்தையின் பவுடர் டப்பாவை எடுத்துவந்து தூவிவிட்டார்! யாருப்பா இங்க பிள்ளையக் குளிப்பாட்டுனது என்று பாலிஷ்காரர் கேட்டாராம். அது சோளமாவில் செய்த பவுடர், சூளையில் கருகிவிட்டது, வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

சங்கிலி சோதனை மேஜைக்கு, என்னிடம், வந்தது. நல்ல சங்கிலி உள்ளங்கையில் தண்ணீராகச் சுருண்டு விழும், இது குச்சியாக நின்றது. கதவோரம் நின்று உன் அண்ணன் என் முகத்தையே பார்த்தான். பெற்ற வயிறு கேட்குமா? ஆனாலும் கழிவுத் தட்டில்தான் போட்டேன். மேஸ்திரி அதை உருக்க அனுப்பிவிட்டு, இன்னொரு தடவைதான், அதையும் உங்கம்மாவே பாக்கட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டார். பெத்தவளே காலை வாரிட்டா என்று அண்ணியிடம் புலம்பல். சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவளிடம், உன் மாமியாருக்கு உப்பு வேணுமான்னு கேளு என்பான்.

நேற்றுப் புதுச் சங்கிலியை அவனே கொண்டுவந்து என் கையில் விட்டான். விரலிடுக்கில் வழிந்து ஓடியது. இரண்டு முனையிலிருந்தும் தடவிப் பார்த்தேன், எங்கேயும் தடுக்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன். அவன் குனிந்து, மோந்து பாரும்மா, பவுடர் வாசம் வருதா என்றான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அந்த ஒரு ‘அம்மா’வில் கண்ணீர் மறைத்துவிட்டது.

உன் சங்கிலி பின்கழுத்தில் முடியைப் பிடித்து இழுக்கிறது என்று எழுதியிருந்தாயே, ஏதோ வளையத்தின் வாய் விட்டிருக்கும், நீயே குறடு போட்டு நெருக்கிவிடாதே. அண்ணன் பற்றவைப்பான், நான் பார்த்துத் தருவேன். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, அதைத் தபாலில் அனுப்பினால் பிரிக்கவே மாட்டேன். கழுத்தோடு கொண்டு வா.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா