உங்க பேரை நீங்களே சொல்லுங்க

இன்று வண்டலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். ஸ்பிரிட் பஞ்சின் வாசனை வந்ததுமே நீ நினைவில் வந்துவிட்டாய். ஊசியோடு வந்த நர்ஸ் பெண், "உங்க பேரை நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. "ஐயோ, இன்னும் குத்தவே இல்லையே!" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

தாம்பரத்தில் நாம் இருவரும் ஒரே வார்டில் நர்ஸாக இருந்த காலம். "லட்சுமி தானே?" என்று நீ கேட்க, கட்டிலில் இருந்த அம்மா தலையாட்டினார். கையைத் துடைத்து ஊசியை வைக்கப் போனாய். பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "நான்தாம்மா லட்சுமி." தலையாட்டியவர் சரோஜா. "நர்ஸம்மா கேக்கசொல்ல இல்லன்னு எப்டிம்மா சொல்றது?" என்றார் அவர். நீ ஊசியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாய்.

அதன்பிறகு அவரவர் வாயிலிருந்து பெயர் வராமல் நீ ஊசியைத் தொட்டதில்லை. எல்லா வார்டிலும் இப்படிச் செய்யலாமே என்று மேலதிகாரிகளிடம் சொன்னாய். "பார்க்கலாம்" என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நீயோ லீவு நாட்களில் ஷேர் ஆட்டோ ஏறி, நம்மோடு படித்தவர்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய், டீ குடித்தபடி சரோஜா கதையைச் சொல்லிவிட்டு வருவாய்.

"உன் மானத்தை நீயே கப்பலேத்துறியேடி" என்று திட்டுவேன்.

"இப்படிச் செய்யுங்கன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நானே தப்பு பண்ண இருந்தேன்னு சொன்னா காது குடுப்பாங்க" என்பாய்.

போன மழைக்காலத்தில் பெரும்பாக்கம் ஆஸ்பத்திரியில் பாதி உடம்பாகப் படுத்திருந்தாய். மருந்தோடு வந்த சின்னப் பெண் உன்னிடமே பெயரைக் கேட்டாள். மூச்சுக்கே தவிப்பவளைப் பேசச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். "இந்தப் பக்கத்துல இதை ஆரம்பிச்சு வச்சதே இவதாம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையை அழுத்தி நிறுத்தினாய். அப்பாவின் இனிஷியலோடு, நிதானமாக, உன் பெயரைச் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்து, "இங்க வரைக்கும் வந்துடுச்சு, பாத்தியாடி" என்றாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

இன்று கிளினிக்கில் அந்த நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன், இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று. "சீனியர் அக்கா சொன்னாங்க. அவங்களுக்கு யாரோ சொன்னாங்களாம்" என்றாள். அந்த யாரோ என் தோழி என்று சொல்ல நாக்கு துடித்தது. நீ அழுத்திய கையைத் தடவிக்கொண்டு எழுந்து வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று உன் பெயரை இனிஷியலோடு ஒருமுறை சொன்னேன். இனி அதை நீயே சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும்.