ஆள் அளவுக் கறை

இன்று வெள்ளிக்கிழமை. அம்மா என் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தார். அந்தக் கனத்த வாசனை நெற்றியில் இறங்கியதும் பாதியில் எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றுகொண்டேன். திண்டிவனத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. இந்த வீட்டு முற்றம் வெறும் மண்தரைதான். அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத்தான் தெரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் உங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் பலகைக்கல் பாவியிருந்தது. கிணற்றை ஒட்டிய பெரிய கல்லில் ஆள் படுத்த வடிவில் ஒரு கறை. தலை இருக்கும் இடம் நன்றாகக் கறுத்து, தோளருகே அகன்று, இடுப்போடு மங்கிவிடும். முற்றத்தை நனைத்தால் அங்கே மட்டும் தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாக நிற்கும்.

உன் அம்மா தன் கடைசிக் கோடை முழுவதும் உடம்புச் சூடு தாங்காமல், தலையிலும் தோளிலும் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு அங்கேதான் படுத்திருந்தார். நாம் நாலாவது ஃபாரம் படித்தபோது உன் அப்பாவுக்கு மறுகல்யாணம் முடிவானது. வருகிறவள் கண்ணில் அந்தக் கறை படக்கூடாது என்றார் உன் அத்தை. தேய்க்கிற வேலை உனக்கு வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கூட வருவேன். செங்கல்தூள், புளி, சாம்பல், சலவைச் சோடா எல்லாம் போட்டுத் தேய்த்தோம். மாலையில் மங்கும். மறுநாள் வெயில் ஏறியதும் அதே இடத்தில் அதே ஆள்.

"எண்ணெய் கல்லுக்குள்ள ஊறிக்கினு இருக்குதுடி. சூடு பட்டா மேல வருது," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன்.

நீ தேங்காய் நாரைக் கீழே வைத்தாய். "அவங்களுக்குப் போவ மனசில்ல. வேற ஒன்னுமில்ல."

எனக்குத் தோற்கப் பிடிக்காது. துணியில் பிசுக்கு எடுக்க வெளுப்பவர்கள் அள்ளும் உவர்மண்ணை ஏரிக்கரையிலிருந்து கூடையில் கொண்டுவந்தேன். குழைத்து விரல் கனத்துக்கு அப்பி, சாக்குப் போட்டு மூடினோம்.

"படிக்கிற பொண்ணு கல்லுக்கே பத்து போடுதே," என்று சிரித்தார் அத்தை.

மூன்றாம் நாள் மண் அடையடையாகப் பெயர்ந்தது. கல் சுத்தமாக வெளுத்திருந்தது. நான் கை தட்டினேன். நீ பெரிய அடையைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பினாய். தலை, கழுத்தின் வளைவு, ஒரு தோள். கல்லில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் விரிசல் ஓடியது.

"தலையப் புடிடி," என்றாய்.

நான் பிடிக்கவில்லை. பின்னால் நகர்ந்துவிட்டேன். அது உன் காலடியில் விழுந்து தூளாயிற்று.

பிறகு நாலு நாள் நீ பள்ளிக்கு வரவில்லை. ஒரு மத்தியானம் தேடி வந்தேன். எல்லோரும் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். சுடுகிற கல்லில் நீ மல்லாந்து கிடந்தாய். கூந்தலிலும் தோளிலும் விளக்கெண்ணெய் வழிந்தது. கண் திறந்தே இருந்தது.

"என்னாடி பண்ற?"

"அவங்க எழுந்து போய்ட்டாங்க. எடம் காலியா இருந்துது."

உன் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் கொதித்தது. "யாருகிட்டயும் சொல்லிடாதே," என்றாய். நான் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் நீயும் போய்விட்டாய். அன்றே சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்ற கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை.

கல்யாணம் தள்ளிப்போய் நடந்தது. போன வாரம் உன் அத்தை ரயிலேறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"கல்லுல மறுபடியும் தெரியுதும்மா. இப்ப சின்னதா, ஒல்லியா இருக்குது. வந்தவ அந்தப் பக்கமே போவ மாட்டேங்கறா. எவ்ளோ தேச்சாலும் மறுநாளே வந்துடுது. அன்னிக்கு ஒரு மண்ணு கொண்டாந்தியே, எங்க எடுத்தே?"

"மறந்துட்டேன் அத்தை."

"புஸ்தகம் புஸ்தகமா ஒப்பிப்பே. இது மறந்துடுச்சா?"

நான் காப்பியை ஆற்றி நீட்டினேன். அவர் குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குக் கிளம்பினார்.

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஏரிக்கரையில் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன். ஆனாலும் அவர் இன்னும் எத்தனை முறை வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நீ படுத்திரு.