சுக்குக் காப்பியும் கருப்பட்டியும்

3.9.25, புதன்
என் வீட்டுக்காரி பாலம்மாளுக்கு முதல் வருசத் திதி முடிந்தது. இனி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் தடையில்லை. மருமகள் காளீஸ்வரி ராஜபாளையம் போய் ரெண்டு டப்பா வாங்கி வந்தாள். ஒன்று என் அறைக்கு, ஒன்று வராந்தாவுக்கு. ரெண்டும் ஒரே மண்நிறம். லேசானதுக்குச் சுக்குக் காப்பி, மற்றதுக்குக் கருப்பட்டி என்று நானே பேர் வைத்து மூடியில் ஒட்டினேன்.

"கண்ணாடி போட்டுப் பாருங்க மாமா, வித்தியாசம் தெரியும்."

"கண்ணாடி போட்டுத்தான் ஒன்னையப் பொண்ணு பாத்தேன் தாயி. அந்த லட்சணந்தான்."

4.9.25
கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை. பாலம்மாள் தலை சாய்த்துச் சாய்த்து விழுந்தது. எம்புட்டு வைதாலும் அங்கேதான் சாய்வாள். வில்லிபுத்தூர் பெயிண்டர் வல்லரசு அந்தக் கறைமேலேயே ரெண்டு கலரையும் பாதிப் பாதி தடவிப் பார்த்தான்.

5.9.25
கருப்பட்டிப் பக்கம் சுத்தம். சுக்குக் காப்பிப் பக்கம் கறை மேலே வந்து நிற்கிறது, பாதித் தலை மாதிரி. கண் முழித்ததும் அதுதான். ஏட்டி பாலம்மா, எட்டியா பாக்க? பயமாத்தான் இருக்கு. ஆனா போயிராத.

காளீஸ்வரி பார்த்தாள். "அப்ப ஒங்க ரூமுக்குக் கருப்பட்டிதான் மாமா."

6.9.25
கலர் பேர் மூடியில்தான் ஒட்டியிருக்கிறது. ஆளில்லாத நேரம் ரெண்டு மூடியையும் மாற்றிப் போட்டுவிட்டேன். கருப்பட்டி என்று திறப்பார்கள், சுக்குக் காப்பி இருக்கும்.

8.9.25
அடித்து முடித்தாயிற்று. ஈரத்தில் எது எதென்று எனக்கே தெரியவில்லை. "தனியாச் சிரிக்கீங்களே தாத்தா?" என்றான் வல்லரசு. "ஒன் மீசைக்கும் ஒரு கோட் அடிலே" என்றேன்.

10.9.25
வரல. சுவரு தொடச்சுப் போட்ட மாதிரி கிடக்கு. எங்கட்டி போன?

11.9.25
சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். பின்னால் காளீஸ்வரி.

"என்ன மாமா தேடுதீக?"

"பல்லி."

பக்கத்தில் வந்தாள். "நீங்க அதையே பாத்துக்கிட்டுக் கிடந்தீக. மனசு கேக்கல. கடைசியில, சுக்குக் காப்பியவே இங்க அடின்னு வல்லரசுகிட்டச் சொல்லிட்டேன். எப்படி மறைஞ்சதுன்னு தெரியல மாமா."

நான் மூடியை மாற்ற, அவள் கலரை மாற்ற, கருப்பட்டியே சுவரில் ஏறிவிட்டது.

என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "அங்க இல்ல. அத்தை குட்டைல்லா? இங்க."

சுவர் முழுக்கக் காய்ந்துவிட்டது. அந்த இடம் மட்டும் விரலில் ஒட்டுகிறது.