பெட்டிக்குள் நிற்கும் உனக்கு

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஓர் எழுத்து மேட்டில் ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் விழுகிறது. மாதா கோயிலில் நடக்கும் சாயங்கால வகுப்பில் இந்த வயதில் கற்றுக்கொண்டது. ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் மை காய்ந்துவிடுகிறது. ஆனாலும் உறைமேல் உன் பெயரை யாரையும் கேட்காமல் நானே எழுதிவிட்டேன்! அடுப்பில் வஜ்ஜிரப் பசை காய்கிறது. தோல் துண்டுகள் வேகும் அந்த நாற்றம்தான் உனக்கு எழுதச் சொன்னது.

காட்சிசாலைக்கு நீ செய்து கொடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் மழைநீர் இறங்கிவிட்டது. நாம் வேலை செய்த தோல் கொட்டகையின் மாதிரி, தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தொட்டிகள், மண் பொம்மை ஆட்கள், எல்லாவற்றையும் ஒட்டிவிட்டேன். பின்பலகையில் உன்னையே வரைந்து நிறுத்தினாயே, அதில்தான் முகம் உதிர்ந்துவிட்டது. "போட்டோக்காரன் கண்ணு சிமிட்டாதன்றான், நம்மால ஆவாது. இதான் தோஸ்து என் போட்டோ" என்றாய். உனக்கு வேறு படமே இல்லை. நீ கண்மூடிய பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்காரி வந்து அதைத்தான் பார்த்துவிட்டுப் போகிறாள்.

வண்ணத்தை நீ வஜ்ஜிரத்தில் குழைத்திருந்தாய். ஈரத் தூரிகை பட்டால் உன் வண்ணமும் சேர்ந்து கரைகிறது. உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும். நீ தீட்டியதைத் தொடக்கூடாது. தலையில் கட்டிய துண்டும் ஒரு காதும்தான் மிச்சம். "யாரோ ஒரு ஆளுதானேப்பா, ஒரு மூஞ்சிய போட்டுடு" என்றார் காட்சிசாலை ஐயா. போட்டேன். எவனோ முறைத்தான். துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். என் முகமே வந்தது. கண்ணை மூடினால் உன் குரல் கேட்கிறது, மூக்கு வரமாட்டேன் என்கிறது. எதிரெதிரே நின்று தோல் தேய்த்தோமே, உன் முகத்தை எங்கே தொலைத்தேன்?

அவள் வரும் ஞாயிறும் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல், முகம் இருந்த இடத்தில் தலைமுடியைத் தீட்டினேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்றாய்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இன்னாண்ணே, திரும்பிக்கினாரு? எம்மேல கோவமா?"

"பட்டை வண்டி வர்ற சத்தம் கேட்டுச்சும்மா. அதப் பாக்கறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பவும் அப்டித்தான். நான் பேசறப்பதான் ரோட்ல எவன் வண்டியயாவது பாத்துக்கினு நிப்பாரு."

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "வண்டி போனதும் திரும்புவாரு இல்ல?"

தலையை ஆட்டிவிட்டேன். அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன். அதற்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் பக்கம் திரும்பு.